அடுப்பும் சுவரும்: பிரஸ்ஸாய் எடுத்த கலைஞர் படங்கள்

எழுத்தாளர்களின் புகைப்படங்களைப் பார்த்தால் எனக்குப் பெரும்பாலும் சலிப்புதான் வரும். பின்னால் புத்தக அடுக்கு, கன்னத்தில் கை, ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ நிலைத்த பார்வை. ஓவியர் என்றால் புத்தக அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் பாதி வரைந்த ஓவியம் இருக்கும், சட்டையில் வண்ணக் கறை இருக்கும். மற்றபடி எல்லாம் ஒன்றுதான். இவர் நம்மைப்போல சாதாரண ஆள் இல்லை என்பதை மட்டும் அந்தப் படங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அவர் எதை வைத்து வேலை செய்தார், எவ்வளவு இடம் இருந்தது, குளிருக்கு என்ன செய்தார், யார் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும்.

இந்தச் சலிப்பிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர் பிரஸ்ஸாய். அவரைப் 'பாரிஸ் இரவுகளின் புகைப்படக்காரர்' என்றுதான் பலருக்கும் தெரியும். ஈரமான கல் பாவிய தெருக்கள், பனிமூட்டத்தில் விளக்குக் கம்பங்கள், மதுக்கடைப் பெண்கள். 1933இல் வெளிவந்த அந்த இரவு நூல் அவருக்குப் பெரும் பெயரைக் கொடுத்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு வேலை உண்டு. பிகாசோ, மத்தீஸ், ஜியாகொமெட்டி, பொன்னார், பிராக் என இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கலைஞர்களை அவர்களுடைய பட்டறைகளிலேயே போய்ப் படமெடுத்தார். அவர்களைப் பற்றி எழுதவும் செய்தார். பிகாசோவுடனான உரையாடல்களை 1964இல் நூலாக்கினார். 1982இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தன் வாழ்வில் கண்ட கலைஞர்களைப் பற்றிப் படமும் எழுத்துமாக இன்னொரு நூலும் வந்தது.

இந்தப் படங்களை இன்று அஞ்சலட்டையிலும் சுவரொட்டியிலும் கண்காட்சிச் சுவரிலும் தனியாகப் பார்க்கிறோம். அப்படிப் பார்ப்பதில் பாதி கைநழுவிப் போகிறது என்பது என் எண்ணம். இவை ஓர் எழுத்தாளர் எடுத்த படங்கள். எழுத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அவை எதைக் காட்டுகின்றன என்பதும், எதைக் காட்ட முடியாமல் நிற்கின்றன என்பதும் தெரியும்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். இயற்பெயர் ஜூலா ஹலாஸ். 1899இல் டிரான்சில்வேனியாவின் பிரஸ்ஸோ ஊரில் பிறந்தவர். அன்று அது ஹங்கேரி, இன்று ருமேனியா. பிரஸ்ஸாய் என்றால் 'பிரஸ்ஸோக்காரன்'. நம் ஆட்கள் ஊர்ப்பெயரை முன்னால் சேர்த்துக்கொள்வதுபோல, இவர் ஊர்ப்பெயரையே முழுப்பெயராக்கிக்கொண்டார். பூடபெஸ்டிலும் பெர்லினிலும் கலை படித்துவிட்டு 1924இல் பாரிஸ் வந்தபோது அவருடைய பிழைப்பு பத்திரிகை எழுத்து. ஹங்கேரிய, ஜெர்மன் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பினார். புகைப்படத்தின் மீது அப்போது அவருக்குப் பெரிய மரியாதை எதுவும் இருக்கவில்லை. கேமராவைக் கையில் எடுக்கும்போது முப்பது வயதை நெருங்கிவிட்டார். அதாவது, பார்த்ததை எழுதிப் பழகிய பிறகுதான் பார்த்ததைப் படமாக்கத் தொடங்கினார். இந்த வரிசை முக்கியம். எழுத்தாளர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அலமாரியைப் பார்ப்பார்கள், மேசையைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்கள். பிரஸ்ஸாயின் படங்களிலும் கண் அப்படித்தான் போகிறது.

1932 டிசம்பரில் அவர் முதன்முதலாகப் பிகாசோவிடம் போனார். 'மினோதோர்' என்ற புதிய கலை இதழின் முதல் எண்ணுக்காகப் படங்கள் தேவைப்பட்டன. கட்டுரை எழுதியவர் ஆந்திரே பிரெத்தோன். லா போஎத்தி தெருவில் 23ஆம் எண் வீடு. பணக்காரர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பை முழுசாகப் பட்டறையாக்கி வைத்திருந்தார் பிகாசோ. அதை பிரஸ்ஸாய் கண்ணாடித் தகடு போடும் கேமராவால் எடுத்தார். ஒவ்வொரு தகடும் காசு. இன்று கைப்பேசியில் செய்வதுபோல நூறு படம் எடுத்து ஒன்றைப் பொறுக்க முடியாது. மெக்னீசியத் தூளைக் கொளுத்தித்தான் வெளிச்சம் உண்டாக்க வேண்டும். அது வெடிக்கும் சத்தத்துக்காகவே பிகாசோ அவரைப் 'பயங்கரவாதி' என்று கிண்டல் செய்வாராம். இப்படிப்பட்ட கருவியோடு போகிறவர் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து நின்று படமெடுக்க முடியாது. அங்கே எல்லாமே சம்மதத்தோடு நடக்கிறது. படம் எடுக்கப்படுகிறவருக்கு அது தெரியும். பார்க்கிற நமக்கும் தெரிகிறது. இந்த வெளிப்படைத்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பட்டறைக்குள் நுழைய நாம் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறோம்? அங்கே ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நினைக்கிறோம். பால்சாக் 1831இல் எழுதிய ஒரு குறுநாவல் இதைப் பற்றித்தான். ஒரு கிழட்டு ஓவியர் பல ஆண்டுகளாக யாருக்கும் காட்டாமல் ஒரு மகத்தான ஓவியத்தை வரைகிறார். கடைசியில் மற்றவர்கள் உள்ளே போய்ப் பார்த்தால் கன்னாபின்னாவென்று அப்பிய வண்ணங்களும் ஒரு மூலையில் அழகான ஒரு பாதமும் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கதை தொடங்கும் வீடு பாரிஸின் கிராண்ட்ஸ் ஒகுஸ்தான் தெருவில் இருக்கிறது. பிகாசோ 1937இல் வாடகைக்கு எடுத்த பட்டறையும் அதே தெருவில், 7ஆம் எண். 'குவெர்னிகா'வை அங்கேதான் வரைந்தார். பால்சாக்கின் அந்தக் கதைக்கு அதற்கு முன்பே அவர் சித்திரங்களும் செய்திருந்தார்.

அந்தப் பட்டறையில் 1939இல், அமெரிக்க 'லைஃப்' இதழுக்காக, பிரஸ்ஸாய் எடுத்த ஒரு படம் மிகப் பிரபலம். ஆளைவிடப் பெரிய ஓர் இரும்பு அடுப்பு. அறையைச் சூடாக்கும் அடுப்பு. அதன் குழாய் மேலே ஏறிப் போகிறது. பக்கத்தில் பிகாசோ உட்கார்ந்திருக்கிறார். என்னைவிட இளைய நண்பர் ஒருவரிடம் இதைக் காட்டினேன். "இதுல என்னண்ணே இருக்கு? ஒருத்தர் அடுப்புப் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு, அவ்வளவுதானே?" என்றார். சரியான கேள்வி. அவ்வளவுதான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் ஓவியரை, உலகம் முழுக்கப் போகும் ஓர் இதழுக்காகப் படமெடுக்கும்போது, ஓவியத்தைவிட அடுப்புக்கு அதிக இடம் கொடுக்கத் தோன்றுகிறதே, அது எப்படி? ஏற்கெனவே நம் மனத்தில் இருந்த 'மேதை'யின் பக்கத்தில், பாரிஸ் குளிரில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டிய ஒரு மனிதரும் வந்து உட்காருகிறார். போர் தொடங்கிய பிறகு பாரிஸில் நிலக்கரி அரிதாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்த அடுப்பைப் பார்த்தால் படம் இன்னும் கனக்கிறது.

பிரஸ்ஸாய்க்குச் சுவர்கள் மீதும் இதே கவனம் உண்டு. பாரிஸ் தெருச் சுவர்களில் யாரோ கத்தியாலும் ஆணியாலும் கீறிவைத்த முகங்களையும் இதயங்களையும் பல ஆண்டுகள் தேடித் தேடிப் படமெடுத்தவர் அவர். அந்தக் கண்ணோடு ஜியாகொமெட்டியின் பட்டறைக்குப் போகிறார். ஹிப்பொலித் மேந்த்ரோன் தெருவில் 46ஆம் எண். ஏறத்தாழ 23 சதுர மீட்டர். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளின் ஒரு கூடம் அளவுதான். 1926இல் அங்கே குடியேறிய ஜியாகொமெட்டி, பெயரும் பணமும் வந்த பிறகும், 1966இல் சாகும்வரை அந்தப் பட்டறையை விடவில்லை. அதன் சுவர்களில் அவரே கோடுகள் கீறியிருக்கிறார், உருவங்கள் வரைந்திருக்கிறார். பிரஸ்ஸாயின் படங்களில் சிற்பங்களுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. சுண்ணச்சாந்துத் தூசு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. தெருச்சுவரில் பெயர் தெரியாதவன் கீறியதும் பட்டறைச் சுவரில் பெரிய சிற்பி கீறியதும் ஒரே கைப்பழக்கம்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்தப் படங்களை அருகருகே வைத்தால் நமக்கே அது தோன்றிவிடுகிறது.

பொன்னாரின் சுவர் வேறு மாதிரி. 1946இல், பிரான்ஸின் தெற்கே லெ கன்னேயில் எடுத்தது. பொன்னார் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டமாட்டார். அப்படியே சுவரில் குத்திவைத்துவிட்டு, ஒரே நேரத்தில் பல ஓவியங்களில் மாறி மாறி வேலை செய்வார். பட்டறைச் சுவரின் ஒரு பகுதியில் அஞ்சலட்டைகள், மற்ற ஓவியர்களின் அச்சுப் பிரதிகள். அவற்றோடு மிட்டாய் சுற்றிவரும் வெள்ளித் தாள்களும் குத்தப்பட்டிருக்கின்றன. ஒளி எப்படிப் பளபளக்கிறது என்று பார்ப்பதற்காக அவற்றை வைத்திருந்தார். பொன்னாரின் ஓவியங்களில் வரும் அந்த ஒளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த மிட்டாய்த் தாள் போதும். எண்பதை நெருங்கும் ஒரு மனிதர், மிட்டாய் தின்றுவிட்டுத் தாளை எறியாமல் சுவரில் குத்திவைக்கிறார். அடுத்த ஜனவரியில் அவர் இறந்துபோனார்.

இந்த இரண்டு சுவர்களிலும் இருப்பது வேலையின் தடம். வேலையை நேரடியாகப் படமெடுக்க முடியாது என்பது பிரஸ்ஸாய்க்குத் தெரிந்திருந்தது. கேமரா உள்ளே வந்ததும் வேலை நின்றுவிடும், அல்லது நடிப்பாகிவிடும். இதன் கொடுமையான உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1950இல் ஹான்ஸ் நமுத், ஜாக்சன் பொல்லாக் வண்ணத்தைச் சொட்டவிட்டு வரைவதை நூற்றுக்கணக்கான படங்களாக எடுத்தார். அப்புறம் சினிமாவாகவும் எடுத்தார். பொல்லாக் கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப வரைந்தார். படப்பிடிப்பு முடிந்த அன்றே, இரண்டு ஆண்டுகளாகத் தொடாமல் இருந்த மதுவை மறுபடி குடிக்கத் தொடங்கினார். அதற்குக் கேமராதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் வேலையைத் தானே நடித்துக்காட்டுவது ஒரு மனிதனை என்ன செய்யும் என்ற கேள்வி அந்தச் சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பிகாசோ இதற்கு வேறு வழி கண்டுபிடித்தார். கேலி செய்தார். 1944 ஏப்ரலில் ஒருநாள், நடிகர் ஜான் மரே பட்டறைக்கு வந்திருக்கிறார். யாரோ வரைந்த, பழைய பாணி நிர்வாணப் பெண் ஓவியம் ஒன்று அங்கே பெரிதாக நிற்கிறது. பிகாசோ அதன் முன்னால் தூரிகையோடு 'ஓவியக் கலைஞர்' மாதிரி நின்றுகொள்கிறார். மரே தரையில் படுத்து மாடல் பெண்ணாகப் போஸ் கொடுக்கிறார். பிரஸ்ஸாய் படமெடுக்கிறார். அதாவது, ஓவியத்தில் இருப்பவள் ஒரு பெண், மாடலாகக் கிடப்பவர் அன்றைய பிரான்சின் அழகான நடிகர், வரைகிறவராக நிற்பவர் அந்த ஓவியத்தை வரையாதவர். பட்டறைப் படம் என்ற வகையையே மூன்று பேரும் சேர்ந்து கிண்டலடிக்கிறார்கள். இந்தப் படத்தின் கதை தெரியாமல் பார்த்தால் ஒன்றுமே விளங்காது. பிரஸ்ஸாய் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

எழுத்து இல்லாவிட்டால் எவ்வளவு போய்விடும் என்பதற்கு இன்னொரு படத்தைச் சொல்கிறேன். 1944 ஜூன் 16. அதே பட்டறை. பிகாசோ கைகட்டி நடுவில் நிற்கிறார். சுற்றிலும் சிமோன் த பூவா, லக்கான், கவிஞர் ரெவெர்தி. கீழே சார்த்தர், மிஷெல் லெரிஸ், காம்யு. காம்யுவின் பக்கத்தில் பிகாசோவின் நாய் கஸ்பெக். மூன்று மாதங்களுக்கு முன் லெரிஸின் வீட்டில் பிகாசோ எழுதிய நாடகம் ஒன்றை இவர்கள் வாசித்திருந்தார்கள். காம்யுதான் நெறியாள்கை. அதன் நினைவாக எடுத்த படம். சாதாரணமாகப் பார்த்தால் கல்லூரி நாடகக் குழுவின் படம் மாதிரி இருக்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிப் பத்து நாள்தான் ஆகிறது. பாரிஸ் இன்னும் ஜெர்மானியர் கையில். விடுதலைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இது எதுவும் படத்தில் இல்லை. ஒரு பதற்றம்கூட இல்லை.

இது படத்தின் குறையா? ஆம் என்றுதான் சொல்வேன். பட்டறையின் நான்கு சுவர்களுக்குள் கேமராவை வைத்தால் வெளியே நடப்பது வெளியேதான் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் காலத்துக்கு அப்பாற்பட்டவர்களாகத் தெரிவார்கள். ஆனால் பிரஸ்ஸாய் அதோடு நிறுத்தவில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் வெளியிடங்களில் படமெடுக்க ஜெர்மானியரிடம் அனுமதி கேட்க மறுத்துவிட்டார். அனுமதி இல்லையென்றால் படத்தை வெளியிட முடியாது, பிழைப்பும் இல்லை. 1943இல் பிகாசோ தன் சிற்பங்களைப் படமெடுக்கக் கூப்பிட்டதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. அப்போது போய் வந்த நாள்களைக் குறிப்பாக எழுதிவைத்தார். 1964 நூலின் உயிர் அந்தக் குறிப்புகளில் இருக்கிறது. யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள் என்பது எல்லாம் வருகிறது. அந்த நாள்களில் அவர் எடுத்த சிற்பங்களில் ஒரு மண்டையோடு உண்டு. சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துச் செய்த காளைத் தலை உண்டு. டோரா மாருக்காகப் பிகாசோ காகிதத்தைக் கிழித்துச் செய்த நாய் முகங்கள்கூட உண்டு. படத்தில் இவை அழகான பொருள்கள். குறிப்புகளோடு படித்தால், பஞ்சமும் பயமும் இருந்த ஒரு நகரத்தில் கைக்குக் கிடைத்ததை வைத்து ஒரு மனிதர் செய்துகொண்டே இருந்தவை.

எனக்கு இந்தப் படங்களோடு ஒரு மனத்தாங்கலும் உண்டு. 1939இல் மத்தீஸை எடுத்த படங்களில் ஒன்று. மத்தீஸ் டாக்டர் மாதிரி வெள்ளை மேலங்கி, மூக்குக் கண்ணாடி. எதிரே நிர்வாணமாக ஒரு பெண். அவர் வரைகிறார். சில பட்டியல்களில் அவளுடைய பெயர் வில்மா யாவோர் என்று வருகிறது. பல இடங்களில் வெறும் 'மாடல்'தான். அந்த அறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். மணிக்கணக்காக அசையாமல் நிற்பது வேலையில்லையா? மேலங்கிக்கும் வெற்றுடம்புக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூரத்தைப் பிரஸ்ஸாய் மிக நன்றாகவே பிடித்திருக்கிறார். ஆனால் அதைக் கேள்வியாக்கவில்லை. 1982 நூலிலும் பெண் கலைஞர்கள் மிகக் குறைவு. சிற்பி ஜெர்மேன் ரிஷியே அவர்களில் ஒருவர்.

டோரா மாரை இங்கே தனியாகச் சொல்லவேண்டும். பலருக்கு அவர் பிகாசோவின் அழுகிற பெண். உண்மையில் அவர் தேர்ந்த புகைப்படக் கலைஞர். 1937இல் 'குவெர்னிகா' வளர்ந்த விதத்தைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்தவர் அவர்தான். ஒரு கை எங்கே போனது, ஒரு சூரியன் எப்படி விளக்கானது என்பது அந்த வரிசையில் தெரிகிறது. வேலையைப் படமெடுக்க முடியாது என்று மேலே சொன்னேன். அதற்கு மிக நெருக்கமாக வந்தவர் டோரா மார் என்றே நினைக்கிறேன். அவர் ஓவியரைவிட ஓவியத்தின் மீது கண்ணை வைத்தார், மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பிரஸ்ஸாய் விருந்தாளி. டோரா மார் அங்கேயே இருந்தவர். நியாயமாகச் சொன்னால் பிரஸ்ஸாய் அவரையும் மறக்கவில்லை. சவுவா தெருவில், டோரா மாரின் சொந்தப் பட்டறையில், அவருடைய ஓவியங்களோடு அவரைப் படமெடுத்திருக்கிறார். அந்தப் படத்தில் அவர் யாருடைய காதலியும் இல்லை, ஓர் ஓவியர். அது ஏன் அடுப்புப் படம் அளவுக்குப் பரவவில்லை என்று யோசித்தால், குற்றம் எடுத்தவரிடம் மட்டும் இல்லை என்பது விளங்கும். எதைச் சுவரில் மாட்டுவது என்று முடிவு செய்பவர்களிடமும், எதைத் தேடிப் பார்ப்பது என்று முடிவு செய்யும் நம்மிடமும் இருக்கிறது.

பிகாசோவுக்குப் பிரஸ்ஸாயின் சித்திரங்கள் பிடித்திருந்தன. தங்கச் சுரங்கத்தை வைத்துக்கொண்டு உப்புச் சுரங்கத்தைத் தோண்டுகிறீர்களே என்கிற பொருளில் ஒருமுறை கடிந்துகொண்டார். புகைப்படம் உப்பு, ஓவியம் தங்கம். பெரிய ஓவியர் ஒருவர் அப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் உப்பு இல்லாமல் எதைச் சாப்பிடுவது? பொன்னாரின் மிட்டாய்த் தாளும் ஜியாகொமெட்டியின் கீறல்களும் பிகாசோவின் இரும்பு அடுப்பும் அந்த உப்புச் சுரங்கத்திலிருந்துதான் நமக்கு வந்து சேர்ந்தன.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இப்போது எழுத்தாளர்களை, ஓவியர்களை ஆவணப்படுத்தும் ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆவணப்படம் எடுக்கிறார்கள், நேர்காணல் செய்கிறார்கள், அழகான படங்களாக எடுத்துப் பகிர்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் நான் முகத்தைப் பார்க்கிறேன், மாலையைப் பார்க்கிறேன், மேடையைப் பார்க்கிறேன். அவர் எழுதும் மேசையைப் பார்த்ததில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து எழுதியவர், பள்ளிக்கூடத் தாள்களைத் திருத்தி முடித்து நள்ளிரவில் எழுதியவர், மருமகள் பிள்ளைக்குப் பாலூட்டிக்கொண்டிருக்கும் அதே கூடத்தின் மூலையில் எழுதியவர் என்று நம்மிடம் எத்தனையோ பேர் இருந்தார்கள், இருக்கிறார்கள். அந்த மூலையை யாராவது எடுக்க வேண்டும். எடுத்தவர் திரும்பி வந்து, அன்று என்ன பேசினார்கள், யார் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள், அவர் பெயர் என்ன என்பதையும் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். பிரஸ்ஸாயின் படங்களுக்குத் தேதியும் குறிப்பும் இருந்ததால்தான் எண்பது ஆண்டு கழித்து நான் அவற்றோடு இப்படிச் சண்டைபோட முடிகிறது.